கிரவுண்டில் நின்ற வரிசை

அக்கா குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கீழே, மலையின் விலாவை வெட்டிச் சமப்படுத்திய விளையாட்டுத் திடல். எல்லோரும் கிரவுண்டு என்பார்கள். அதன் ஒரு முனையில் தேயிலை மலை செங்குத்தாக ஏறும். மறுமுனையில் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் தெமோதரைப் பக்கத்து மலைகள். இரண்டு முனைகளிலும் இரும்புக் குழாயில் செய்த உதைபந்தாட்டக் கோல் கம்பங்கள் இருந்தன. மண்சரிவில் பள்ளத்தோரக் கம்பம் மண்ணோடு போய்விட்டது. மலைப்பக்கத்துக் கம்பம் மிஞ்சியது.

மண்சரிவுக்குப் பிந்திய வாரங்களில் பதுளையிலிருந்து வரும் பாதை மூன்று இடங்களில் அறுந்து கிடந்தது. சாமான்கள் ஹெலிகொப்டரில் வந்தன. நான் அப்போது கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பதுளைச் செய்தியாளராக இருந்தேன். பாதி வழி நடந்து, மீதி வழி சேற்றில் சறுக்கி, அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்தே செய்திகளை அனுப்பினேன். எனவே அந்த வரிசை எப்படி உருவானது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஹெலிகொப்டருக்குக் குறித்த நேரம் கிடையாது. முகில் விலகினால் வரும், இல்லாவிட்டால் வராது. மலைக்கு அப்பால் சத்தம் கேட்டதும் ஆட்கள் வெறும் உரப்பைகளை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடுவார்கள். முதல் நாள் தள்ளுமுள்ளு ஆகி ஒரு கிழவருக்குக் கை முறிந்தது. மறுநாள் தோட்டத் தலைவர் ஓர் ஒழுங்கு சொன்னார்: லயம் லயமாக நிற்க வேண்டும், வீட்டுக்கு ஓராள், கிரவுண்டின் நடுவே ஒரே வரிசை. தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைத் தலைவர். ஐம்பது வயது, கட்டைக் குரல், அன்று அந்தத் தோட்டத்தில் வேறு அதிகாரம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அவர் சொன்னபடி நின்றார்கள். ஹெலிகொப்டர் கிரவுண்டின் ஓரத்தில் இறங்கும். வாசலில் நிற்கும் இராணுவச் சிப்பாய் கையை ஆட்டுவார். தள்ளி நில்லுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கை ஆட்டியதற்குப் பிறகுதான் மூட்டைகள் வெளியே வந்தன. ஆகவே கையாட்டினால் சாமான் வரப்போகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்குக் கையாட்டி, இடைவெளியில்லாமல் நெருங்கி நின்றார்கள்.

ஒருநாள் மூடுபனி இறங்கியது. கச்சேரியிலிருந்து, அதாவது பதுளை அரசாங்கச் செயலகத்திலிருந்து, நடந்து வந்திருந்த ஓர் உத்தியோகத்தர், இன்றைக்கு இனி வராது, வீட்டுக்குப் போங்கள் என்றார். பாதிப் பேர் போனார்கள். அக்காவும் போனாள். ஒரு மணி நேரத்தில் பனி விலகி ஹெலிகொப்டர் வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அரிசியும் பருப்பும் கோதுமை மாவும் கிடைத்தன. போனவர்களுக்கு இல்லை. அந்த வாரம் அக்கா வீட்டில் பலாக்காயை அவித்து உப்புப் போட்டுத் தின்றார்கள். உத்தியோகத்தர் பொய் சொல்லவில்லை, தெரியாமல்தான் சொன்னார். ஆனால் போகச் சொல்கிறவனை நம்பக்கூடாது என்பது அன்றோடு தோட்டத்தில் நிலைத்துவிட்டது.

பிறகு பாதை திறந்தது. ஹெலிகொப்டர் நின்றது. வறுமை நிற்கவில்லை. தேயிலை மலையில் பாதி சரிந்து போனதால் வாரத்தில் சில நாட்களுக்குத்தான் வேலை. சுவர் வெடித்த லயங்களில் இருந்தவர்கள் பாடசாலைக் கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். இரண்டாவது தடவையும் சாமான் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. யார் சொன்னது என்று விசாரித்துப் பார்த்தேன். எல்லோரும் வேறு யாரையோ காட்டினார்கள்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் காலை பஸ்ஸில் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். தூறல். மேலே மலைகளை முகில் மூடியிருந்தது. எங்கள் பள்ளத்தாக்கின் மேல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அக்கா தேங்காய்ச் சம்பலுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். பதுளையில் சிங்களப் பத்திரிகைக்கு எழுதும் நண்பர் ஒருவர் எனக்குப் போன் செய்தார்.

அவர் சொன்னது இது. மொனராகலைக்கு அப்பால், தாழ்நிலத்தில் உள்ள ஒரு சின்ன ஓடுபாதையிலிருந்து பயிற்சி விமானம் ஒன்று கிளம்பியிருக்கிறது. நான்கு பேர் இருக்கக்கூடியது. உள்ளே இருப்பது இரண்டு பேர். இறங்க வரும்போது சக்கரங்கள் வெளியே வரவில்லை. உதறிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, நீண்ட நேரம் சுற்றியதில் எரிபொருள் குறைந்துவிட்டது. அதற்குள் கனமழை ஓடுபாதையை மறைத்துவிட்டது. வெளிச்சம் தெரிந்த பக்கமாக மலைக்குள் வந்திருக்கிறது. வயிற்றாலேயே இறங்குவதற்குப் புல்தரை தேடுகிறார்களாம். பார்த்தால் சொல்லு என்றார்.

போனை வைப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது.

அக்கா அம்மியை விட்டு எழுந்தாள். "ஹெலி வருது. அந்த உரப்பைய எடு தம்பி."

"ஹெலி இல்லக்கா. சின்ன பிளேன். சக்கரம் மாட்டிக்கிட்டு இறங்க எடம் தேடுது. இப்பத்தான் போன்ல சொன்னாங்க."

"எதுவா இருந்தா என்ன. நம்ம கிரவுண்டுக்கு மேலதானே சுத்துது." அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

நான் பின்னால் போனேன். நாங்கள் கீழே இறங்கும்போதே கிரவுண்டின் நடுவே வரிசை பாதி கட்டப்பட்டிருந்தது. எல்லா லயக் கதவுகளிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் மழைக்குப் போர்த்திய படங்கு, கையில் உரப்பை. ஒருவரும் கூச்சல் போடவில்லை. மேல் லயம் முன்னால், பாடசாலையில் இருப்பவர்கள் பின்னால். தலைவர் ஒரு குடையோடு வரிசையின் பக்கமாக நடந்தார். "ஒரு வீட்டுக்கு ஒராளு. பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்புங்க. லயத்த மாத்தி நிக்காதீங்க." அக்கா தன் இடத்தைப் பிடித்தாள்.

நான் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கிரவுண்டைக் காலி செய்தால்தான் அவர்கள் இறங்க முடியும் என்றேன்.

"யாரு சொன்னா?"

"பதுளையில ஒரு ரிப்போட்டர்."

"அவரு பாத்தாரா?"

"இல்ல. அவருக்குத் தகவல்."

"அன்னைக்கும் ஒரு ஐயாவுக்குத் தகவல்தான்," என்றார் தலைவர். "இன்னைக்கு வராது, வீட்டுக்குப் போங்கன்னாரு. போனவங்க வாயில மண்ணு. இப்ப நான் கலையச் சொல்லி, அப்புறம் அது சாமானோட இறங்கிச்சுன்னா, என்னைய இந்தத் தோட்டத்துல வைப்பாங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் வரிசையிடமே சொன்னேன். அக்காவுக்கு முன்னால் நின்ற மேல் லயத்துப் பெண், நாங்கள் மதினி என்று கூப்பிடுகிறவள், அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க தம்பி எழுதுனாத்தான் சாமான் வரும்னு சொன்னீங்க. இப்ப வந்ததுக்கப்புறம் போங்கங்கிறாரே."

"பேப்பர்காரருக்குப் போட்டோ புடிக்க கிரவுண்டு காலியா வேணுமாம்," என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை. காத்திருப்பவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

விமானம் பள்ளத்துப் பக்கமிருந்து முதல் தடவை வந்தது. வெள்ளை உடல், ஒரு நீலக் கோடு. அந்தப் பக்கம் கம்பமும் இல்லை, மரமும் இல்லை. தாழ்ந்து வருவதற்கு வழி அதுதான். பள்ளத்தோரத்தை நெருங்கியபோது லயக் கூரைகளின் உயரத்துக்கு வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் குனிந்தார்கள். யாரும் இடத்தை விடவில்லை. கடைசி நொடியில் இயந்திரம் உறுமி, விமானம் நிமிர்ந்து, கோல் கம்பத்துக்கு மேலாகத் தேயிலையை ஒட்டி ஏறியது. பக்கச் சாளரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்து வேகமாக ஆட்டியது.

வரிசை முழுவதும் பதிலுக்குக் கையாட்டியது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள்.

இரண்டாவது சுற்றிலும் அதே வழியாகத்தான் வந்தது. இந்தத் தடவை இன்னும் கீழே. நான் சக்கரங்களைப் பார்த்தேன். வலப்பக்கத்தில் ஒன்றும் வெளியே இல்லை, மூடிய தகடு மட்டும். இடப்பக்கச் சக்கரம் பாதி வெளிவந்து, சாய்ந்து, தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் கை ஆடியது. மறுபடியும் விமானம் வரிசையின் தலைக்கு மேலாக ஏறிப்போனது. காற்றில் தலைவரின் குடை மடங்கியது.

அக்கா என்னைப் பார்த்தாள். "அந்த டயரு ஏன் அப்படித் தொங்குது?"

"அதான்கா கோளாறு. உள்ளயும் போகாது, வெளியவும் வராது."

"உள்ள எத்தன பேரு?"

"ரெண்டு பேராம்."

"நாங்க நிக்கிறதாலதான் இறங்காம போகுதா?"

"ஆமா."

அவள் வரிசையை முன்னும் பின்னும் பார்த்தாள். போங்கள் என்று சொல்லிப் பயனில்லை என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்; போகச் சொன்னதைக் கேட்டுப் போனவர்களில் அவளும் ஒருத்தி. உரப்பையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள்.

"கோயிலடியிலதான் குடுக்கிறாங்களாம். மாரியம்மன் கோயிலடியில. தம்பிக்கு இப்பப் போன் வந்திச்சு."

சொல்லிக்கொண்டே அவள் ஓடத் தொடங்கினாள். அதுதான் வேலை செய்தது. ஓடாமல் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் எல்லோரும் அங்கேயே நின்றிருப்பார்கள். வரிசை அப்படியே திரும்பியது. மேல் லயம், நடு லயம் என்ற ஒழுங்கு குலையாமல் ஓட முயன்றார்கள். "எனக்குப் பின்னாலதான் நீ நின்ன" என்று ஒருத்தி இன்னொருத்தியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஓடுறப்போ என்னடி முன்னால பின்னால" என்றாள் மற்றவள். கோயிலுக்கு ஏறும் படிக்கட்டில் நெரிசலாயிற்று. நானும் தலைவரும் ஓட முடியாத வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கிரவுண்டின் விளிம்புக்குக் கொண்டுபோனோம். தலைவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொய் என்று அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கிரவுண்டு காலியானது. சில ரப்பர் செருப்புகள், ஒரு உரப்பை, தலைவரின் குடை.

அப்போது சத்தம் நின்றது. விமானம் தேயிலை மலையின் உச்சிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இயந்திரம் இருமத் தொடங்கி, மறுபடி இருமி, ஓய்ந்தது. விமானத்தில் பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண் பின்னர் ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டேன்: எரிபொருள் தீர்ந்தது அங்கேதான். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு முன்பு வந்த வழியில் வர உயரமும் இல்லை, உந்துதலும் இல்லை. மலைப்பக்கமிருந்து நேராக இறங்குவது ஒன்றுதான் மிச்சம்.

சத்தமில்லாமல் வந்தது. தேயிலைக்கு மேல் காற்றைக் கிழிக்கும் ஒலி மட்டும். விமானியின் கணக்கில் தவறில்லை. உடல் கோல் கம்பத்தைத் தாண்டியது. பாதி தொங்கிய இடச் சக்கரம் தாண்டவில்லை. குறுக்குக் கம்பியில் மாட்டியது. கம்பம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. விமானத்தின் மூக்கு தரையில் குத்தி, உடல் அரைவட்டமாகச் சுழன்று, ஈரப் புல்லை உரித்துக்கொண்டே பள்ளத்தோரம் வரை போய் நின்றது. தீப்பிடிக்கவில்லை. எரிய அதில் ஒன்றும் இல்லை.

விமானி முன் இருக்கையிலேயே இறந்திருந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பக்கத்து இருக்கையில் இருந்த அந்தப் பெண்ணுக்கு இரண்டு கால்களும் முறிந்திருந்தன. சிங்களத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு லயத்துக் கதவைக் கழற்றி வந்து அதில் கிடத்தித் தூக்கினார்கள். கொழுந்து ஏற்றும் லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் பிழைத்தார்.

மோதிய சத்தம் கோயிலடிக்கும் கேட்டிருந்தது. ஆண்கள் பலர் இறங்கி வந்து உதவினார்கள். ஆனால் நான் லொறியோடு புறப்படும்போது மேலே பார்த்தேன். கோயிலுக்கு முன்னால் பதினைந்து இருபது பேர் இன்னும் வரிசையில் நின்றார்கள். விழுந்தது வேறு, வரப்போவது வேறு என்று அவர்கள் நினைத்ததாக அக்கா பிறகு சொன்னாள். அவர்களில் சிலர் இருட்டும்வரை நனைந்துகொண்டு நின்றார்களாம்.

செய்தியை அன்றிரவே அனுப்பினேன். மக்கள் ஏன் கிரவுண்டில் நின்றார்கள் என்பதையும் எழுதியிருந்தேன். அச்சில் அந்தப் பந்தி இல்லை. 'வேடிக்கை பார்க்கத் திரண்ட பெருந்திரளான மக்கள்' என்று ஒரு வரி இருந்தது. கேட்டபோது, இடமில்லை என்றார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் கம்பத்தை அளந்தார்கள், சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வரிசையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

தோட்டத்தில் பேச்சு வேறு மாதிரிப் போனது. விமானம் சாமான்தான் கொண்டுவந்தது, கோயிலடிக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டு ரிப்போட்டரும் அவன் அக்காவும் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை. அதை உண்மையாக நம்பியவர்கள் குறைவு. ஆனால் பொய் சொல்லி வரிசையைக் கலைத்தவள் என்பது அக்காவின் மேல் ஒட்டிக்கொண்டது. மலையில் கொழுந்து பறிக்க நிரையில் நிற்கும்போது மதினி அவளோடு பேசுவதை நிறுத்தினாள். தண்ணீர்ப் பீலியடியில் அக்கா குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்தன.

"நான் ரெண்டு உசிருக்குத்தானே சொன்னேன்," என்றாள் என்னிடம். "ஒன்னுதான் தங்குச்சு. ரெண்டும் தங்கியிருந்தா இவங்க வாய் மூடியிருக்கும்."

சில மாதங்களுக்குப் பிறகு விமானியின் தகப்பனார் வந்தார். தென்கரையிலிருந்து வாடகை வேனில், தனியாக. என் பெயரை ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, நன்கு தேய்த்த கால்சட்டை, கையில் ஒன்றுமில்லை. கிரவுண்டுக்கு அழைத்துப் போனேன். லயக் கதவுகளில் முகங்கள் தெரிந்தன. இறங்கி வந்தவள் அக்கா மட்டும்.

அவர் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். பத்திரிகையில், வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடியதாகப் படித்தேன், அது சரியா?

"வேடிக்க பாக்க இல்லைங்க," என்றாள் அக்கா. "சாமான் குடுக்க வந்திருக்காங்கன்னு நின்னோம். அரிசி, பருப்பு."

அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பாடசாலைக் கட்டடத்தின் சாளரங்களில் தொங்கிய துணிகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: அவன் முதலில் எந்தப் பக்கமிருந்து வந்தான்?

அக்கா பள்ளத்தைக் காட்டினாள்.

அப்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா?

"ஓடிச்சு. ரெண்டு தடவையும் நல்லா ஓடிச்சு. நாங்க போனதுக்குப் பொறகுதான் நின்னிச்சு."

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"சொல்லு தம்பி," என்றாள். "அதக் கேக்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்காரு."

சொன்னேன். அவர் தலையசைத்தார். திட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்து நின்றாள். முந்தானையை இழுத்துப் பிடித்திருந்த விதத்தில் அது தெரிந்தது. அவர் திட்டவில்லை. எங்களை அங்கேயே விட்டுவிட்டுப் பள்ளத்தோரத்துக்குப் போனார். அங்கிருந்து மலையைப் பார்த்துத் திரும்பி, ஒரே அளவான எட்டுகளாக வைத்து, கிரவுண்டின் நடுவே நடந்து வந்தார். மலையடியில் நின்றார். மறுபடி பள்ளத்தோரத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு தடவை நடக்கத் தொடங்கினார்.

"எடம் பத்துமான்னு பாக்கிறாரா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா."

"பத்துமா?"

"பத்தும்," என்றேன்.